கூறைப்புடவையும் கொச்சி மழையும்



ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரிலிருந்து கொணர்ந்த ஆடை ஒரு செல்வம். மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் இல்லங்களில் தாயாரின் காஞ்சிபுரக் கூறைப்புடவை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் நெடுநாள் கழித்துத் திறக்கும்பொழுது, பட்டில் பூசணமும் சரிகையில் கறுப்பும் கண்டு மனம் வாடுகின்றோம். பூட்டிக் காத்த பொருள் பூட்டினுள்ளேயே கெட்டது ஏன்?

காற்றின் ஈரமே காரணம். ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைக் கடந்து நீடித்தால் பூசணம் தழைக்கும். சரிகையின் வெள்ளியும் விரைவில் கறுக்கும். கொச்சியிலோ ஒருபுறம் கடல், மறுபுறம் காயல். மழை ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர்.

மழையும் புழுக்கமும் மிகுந்த மற்றொரு நாடு ஜப்பான். அந்நாட்டார் துணிக் காப்பை நாட்காட்டியோடு இணைத்தனர். ஜூன் 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் பருவத்திற்கேற்ப உடை மாற்றும் வழக்கம் அங்கே 'கொரோமொகாயே' எனப்படும். பண்டைய அரசவையில் தோன்றிய இவ்வழக்கம், 1873-இல் புதிய நாட்காட்டியை ஏற்றபின் இந்நாட்களுக்கு உரியதாயிற்று. கிமோனோவைத் தையல் ஓரங்களையொட்டி மடித்து, தாளில் பொதிந்து, 'கிரி' மரப்பெட்டியில் கிடத்தி வைப்பர். அம்மரம் ஈரக்காலத்தில் சற்றே பருத்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். இவ்வளவும் செய்த பின்னரும், மழை ஓய்ந்ததும் வறண்ட நாளொன்றில் ஆடைகளை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவர். இதற்கு 'முஷிபோஷி', அதாவது பூச்சி போக உலர்த்துதல், என்று பெயர்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குரிய வழக்கமான நாளும் ஜூன் 1 என்பது வியப்பிற்குரியது. நாமோ பெட்டியைத் தீபாவளிக்குத் திறக்கின்றோம். ஐப்பசி இங்கே துலாவர்ஷக் காலம்; ஈரக்காற்றைப் பெட்டிக்குள் விட்டுப் பூட்டிவிடுகின்றோம். தையும் மாசியுமே கொச்சிக்கு ஏற்ற வறண்ட மாதங்கள். அப்பொழுது ஆடைகளை நிழலில் உலர்த்தி, பழைய வெள்ளை வேட்டியில் பொதிந்து வைத்தல் நலம். கிமோனோவைப் போல் புடவைக்குத் தையல் இல்லை. ஒரே மடிப்பில் கிடந்தால் அவ்விடத்திலேயே இற்றுப்போகும். ஆதலின் ஆண்டுதோறும் மடிப்பை மாற்றுதல் வேண்டும். கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் சேர்த்து இடலாகாது; இரண்டும் கலந்தால் இளகிக் கறைபடுத்தும்.

கோட்டைக் கொச்சியின் டோபிகானாவில் தமிழ் வண்ணார் சமூகத்தார் இன்றும் துணி வெளுக்கின்றனர். டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் (1663–1795) படையினரின் உடைகளை வெளுக்க அவர்தம் முன்னோர் அழைத்துவரப்பட்டதாகக் கூறுவர். அவர்கள் இடும் கஞ்சி, உடுத்தும் துணிக்கு அழகு. ஆனால் நெடுநாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி ஆகாது. அது பூச்சிக்கு உணவாகும். ஆதலின் கஞ்சியை நீக்கி, நன்கு உலர்த்தியே வைத்தல் வேண்டும்.

வரும் தை மாதத்தில் ஒரு பகற்பொழுதைப் பெட்டிக்கென ஒதுக்குங்கள். தாயாரின் கூறைப்புடவை பேத்தியின் தோளையும் சென்று சேரும்.