தரகு அவர்களுக்கு, காவல் நமக்கா?

திருட்டுச் சரக்கைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் யார், தோழர்களே? பறிகொடுத்தவரா? சந்தை நடத்திக் காசு எண்ணுகிறவரா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வழக்கு மன்றம் ஏறியது. டிஃபனி, நியூயார்க் நகரத்து நகை வணிகச் சீமான். அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை! ஆயினும் வழக்கு பாட்டாளிக்கும் பாடம். ஈபே எனும் இணையச் சந்தையில் டிஃபனி முத்திரை தாங்கிய போலி வெள்ளி நகைகள் விற்பனையாயின. விற்ற ஒவ்வொன்றுக்கும் ஈபேக்குத் தரகு! 2004-இல் டிஃபனி வழக்குத் தொடுத்தது.

போலி நடமாடுவது பொதுவாகத் தெரிந்திருந்தால் மட்டும் சந்தைக்காரர் குற்றவாளியல்லர். இன்ன சரக்கு போலி என்று சுட்டிக்காட்டப்பட வேண்டும் என்றது 2008-இல் வந்த தீர்ப்பு. 2010-இல் மேல்மன்றமும் அதையே சொன்னது.

சுட்டிக்காட்ட வழியுண்டு. முத்திரைக்கு உரியவர், போலிச் சரக்கின் விவரம் குறித்து, உறுதிமொழியுடன் முறையீடு அனுப்பினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈபே அதை நீக்கிவிடும். பாதுகாப்புக்கென ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை அது செலவிட்டதாகவும் தீர்ப்பு கூறுகிறது. மறுக்கவில்லை.

ஆனால், நாள்தோறும் பக்கம் பக்கமாகத் துழாவ ஆள் வேண்டாமா? டிஃபனி சம்பளம் கொடுத்து ஆள் அமர்த்தும். ஐந்து பேர் உழைக்கும் பட்டறை என்ன செய்யும்? உளியைக் கீழே வைத்துவிட்டுக் கணிப்பொறிக்குக் காவல் இருப்பதா? இன்று நீக்கிய போலி, நாளை வேறொரு பெயரில் கடை விரிக்குமே!

டிஃபனி உச்ச நீதிமன்றத்தின் கதவையும் தட்டிப் பார்த்தது. 2010 நவம்பரில், விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டார்கள்.