வானொலி அலைக்கு அடங்கும் பாய்மரத் தோணி

கொற்கை என்றதும் நம் நினைவுக்கு வருவது முத்து. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய அவ்வூர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பொதிகையில் பிறந்து வரும் நம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அடுத்து எழுந்த காயலை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதினார். அதுவும் தூர்ந்தது. வணிகம் தூத்துக்குடிக்குப் போயிற்று. அங்கேயும் கரையோரம் ஆழம் போதவில்லை. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள். தட்டையான அடியும் உயர்ந்த பக்கங்களும் கொண்ட அத்தோணிகள் பாய் விரித்துக் கொழும்பு வரையிலும் சென்று வந்தன.

பின்னாளில் தோணிகளில் பொறி பூட்டினார்கள். பாயை மட்டுமே நம்பி ஓடும் சரக்குத் தோணி இன்று கண்ணுக்குத் தென்படுவதில்லை. எந்தக் காற்றுக்குப் பாயை எவ்வளவு இழுப்பது, எப்போது தளர்த்துவது என்பது தண்டல்மாரின் கைகளில் இருந்த அறிவு. அதில் ஒரு சிறு பகுதியையாவது நாம் தொட்டுப் பார்க்க வழி உண்டா? உண்டு. ஒரு பாய்மரத் தோணியின் மாதிரியைச் செய்து, அதைக் கரையில் நின்றபடியே வானொலி அலையால் ஓட்டலாம்.

இது புதுமையான எண்ணமன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயார்க் நகரில் மக்கள் கூட்டத்தின் முன்னிலையில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். தொலைவிலிருந்து வானொலி அலையால் ஆட்டுவிக்கப்பட்ட முதற்பொருள்களுள் ஒன்று படகு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதல்லவா?

தோணியைச் சிறிதாக்குவது எளிது என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும் சங்கதி. நூறடி நீளமுள்ள தோணியை முப்பதில் ஒரு பங்காகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் நீளம் நாற்பது அங்குலம். பாயின் பரப்போ 30 × 30, அதாவது 900-இல் ஒரு பங்கு ஆகிவிடும். எடை 30 × 30 × 30, அதாவது 27,000-இல் ஒரு பங்கு. பாய் குறைந்ததைவிட எடை இன்னும் முப்பது மடங்கு குறைந்துபோயிற்று. ஆனால் காற்று நமக்காகக் குறையவில்லையே! கடலில் வீசும் அதே காற்றுதான் குளத்திலும் வீசுகிறது. ஆகவே அச்சு அசலாகச் செய்த மாதிரி, உண்மைத் தோணியைவிட முப்பது மடங்கு எளிதில் கவிழும். கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக நிற்கும் எத்தனையோ கப்பல் மாதிரிகள் தண்ணீரில் இட்டால் ஒரு நிமிடமும் நில்லாமைக்கு இதுவே காரணம்.

இதற்கு மாற்று என்ன? நீருக்கு மேலே தெரிவதெல்லாம் பழந்தோணியைப் போலவே இருக்கட்டும். நீருக்குக் கீழே மட்டும் நாம் சிறிது பொய் சொல்ல வேண்டும். ஏரா எனப்படும் அடிமரத்தின் கீழ் ஒரு மெல்லிய தகட்டைத் திருகாணியால் பொருத்தி, அதன் நுனியில் ஈயத்தைக் கட்டிவிட்டால், தோணி சாயும்போதெல்லாம் ஈயம் அதை நிமிர்த்திவிடும். ஈயம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பிடி வலுக்கும். கண்காட்சியில் வைக்கும்போது தகட்டைக் கழற்றிவிடலாம்.

எவ்வளவு ஈயம் என்பதை ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிடுவார். சரக்கோடு சேர்த்து உண்மைத் தோணி 300 டன் என்றால், நம் மாதிரி அதே நீர்க்கோட்டில் மிதக்க 11 கிலோ இருக்க வேண்டும். மரமும் கருவிகளும் நான்கு கிலோ ஆனால், மீதி ஏழு கிலோவும் ஈயம். பெரிய தோணி சரக்கு ஏற்றும். நம் தோணி ஈயம் ஏற்றும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளே போதும். வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்கக் கூடாது. தொட்டபின் கையைக் கழுவிவிட வேண்டும்.

இனி உடல். ஏராவின் மேல் வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, பிளைவுட்டில் அறுத்து நிறுத்துகிறோம். தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குச் சிம்புகளை அவற்றின்மேல் பக்கம் பக்கமாக ஒட்டினால் தோணியின் வடிவம் வந்துவிடும். பெரிய தோணியில் பலகை இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைப்பார்கள். நமக்கு எப்பாக்சிப் பசை இருக்கிறது. பாய்க்குக் குடைத்துணி ஏற்றது. பாயைத் தாங்கும் நீண்ட குறுக்குக் கழியான பருமலுக்கு மூங்கில் போதும்.

பாய்மரம் என்றால் நம் பகுதியினருக்கு மணப்பாடு நினைவுக்கு வராமல் இராது. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையே 1540-இல் அந்தக் குன்றில் நாட்டப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. பாய்மரத்தின் மீது எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை நினைத்தால், அது முறிவதில் வியப்பில்லை. மாதிரியிலும் பாய்மரத்தின் அடி தளத்தோடு நின்றுவிடாமல் ஏரா வரை இறங்கி ஊன்ற வேண்டும்.

வானொலிக்கு இங்கே இருக்கும் வேலைகள் இரண்டே. ஒன்று சுக்கானைத் திருப்புவது. மற்றொன்று பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான் கயிற்றை இழுப்பது, தளர்த்துவது. இழுத்துச் செல்வது காற்றேயாகும். நம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொரு வேலைக்கும் உரிய ஆணையை அலையில் ஏற்றி அனுப்புகிறது. தோணிக்குள் இருக்கும் ரிசீவர் அதைப் பெற்று, செர்வோ எனும் சிறு மோட்டாருக்கு வினாடிக்கு ஐம்பது முறை மின்துடிப்பாகத் தருகிறது. துடிப்பு ஒன்றரை மில்லி வினாடி நீடித்தால் செர்வோவின் கை நடுவில் நிற்கும். ஒரு மில்லி வினாடியானால் ஒரு பக்கம், இரண்டானால் மறுபக்கம் திரும்பும். இவ்வளவுதான் அதன் மொழி.

பெரிய தோணியில் காற்று வேறு பக்கம் மாறினால், ஆட்கள் பருமலையே பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோவார்கள். நம் தோணியில் ஆள் ஏது? பருமலை ஒரே பக்கம் விட்டுவிடுகிறோம். ஒரு பக்கத்துக் காற்றில் பாய் மரத்தோடு ஒட்டிச் சிறிது வேகம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ரிசீவரின் ஏரியலை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது கட்டாயம். இக்காலக் கருவிகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. தண்ணீர் அதை விழுங்கிவிடும். நீர்மூழ்கிக் கப்பலோடு பேச, பல கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் தேவை. அத்தகைய அலைகளை அனுப்பும் கடற்படை நிலையம், 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நம் நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்திலேயே இருக்கிறது. அங்குள்ள உயர்ந்த கோபுரங்களைப் பார்த்த தோழியர் அவை எதற்கென்று வியந்திருக்கலாம்.

மாதிரி செய்வது பிள்ளை விளையாட்டு என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு சொல். அஜந்தா ஓவியத்தில் கண்ட பழங்காலக் கப்பலைக் கயிற்றால் பலகைகளைத் தைத்து மீண்டும் கட்டியபோது, அதற்கு வரைபடம் ஏதும் கிடைக்கவில்லை. எனவே கடற்படையினர் முதலில் மாதிரியைச் செய்து, சென்னை ஐ.ஐ.டி.யின் துணையுடன் சோதித்தார்கள். அந்தக் கப்பலே 2025-இல் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா.

ஓட்டுவதற்கு ஆறு ஆகாது; நீரோட்டம் தோணியைத் தன்னோடு இழுத்துப் போய்விடும். பாசியும் தாமரையும் இல்லாத குளமே நல்லது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கணவாய்கள் வழியே மேல்காற்று பாயும் அம்மாதங்களில் தோணியை வெளியே எடுக்கவே வேண்டாம். வடகிழக்கு மழையில் குளங்கள் நிறைந்தபின், தை மாதக் காலைப்பொழுது ஏற்றது. பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

காற்று பின்னாலிருந்து வந்தால் தாமானை முழுதும் தளர்த்துக. பக்கத்திலிருந்து வந்தால் பாதி இழுக்க வேண்டும். எதிர்க்காற்றில் நேரே போக எந்தப் பாய்மரத்தாலும் இயலாது; பாயை நன்றாக இழுத்து, இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஏற வேண்டும். பாய் படபடத்தால் காற்றுக்கு மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். தோணி மிகவும் சாய்ந்தால் தாமானை விட்டுவிட்டால் போதும், நிமிர்ந்துகொள்ளும். முதல் நாள் பின்புறத்தில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டி விடுவது நல்லது. தொடங்கும்போது கையிலுள்ள கருவியை முதலில் முடுக்கி, பிறகு தோணியில் உள்ளதை முடுக்குக. கரை சேர்ந்ததும் தோணியில் உள்ளதை முதலில் நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே கசிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலர வைக்க வேண்டும்.