பிடரியில் ஏறிய பாரம்

கழுத்து ஒன்றேயாயினும் நம் முன்னோர் அதனைப் பகுத்துப் பெயரிட்டனர். தொண்டை சார்ந்த முன்புறம் மிடறு. தலையைத் தாங்கும் பின்புறம் பிடர். மிடற்றைப் புலவர் பலபடப் பாடினர். பிடரையோ பெரும்பாலும் சிங்கத்துக்கும் குதிரைக்கும் விட்டுவிட்டனர். அங்ஙனம் விடப்பட்ட பிடரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவியொருத்தி வீடு தேடி வந்தாள். வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே பதினோராண்டாகத் தாதியாய்க் கடமை புரிபவள். பக்கத்திருந்த என் மனைவியார் ஏதோ வினவ, அவள் தலையைத் திருப்பாது உடம்பு முழுவதையும் திருப்பினாள்.

"என்ன பிள்ளை, கழுத்துப் பிடிப்போ?" என்றேன்.

"அது ரெண்டு வருசமாய் இருக்குது, ஐயா. நோயாளியைத் திருப்ப ஏலும், என்ரை கழுத்தைத் திருப்பத்தான் ஏலாமல் கிடக்குது" என்று சிரித்தாள். அச்சிரிப்பு எனக்கு உவப்பாயில்லை.

ஏனைய வாட்டுகளில் நோயாளி தாமும் சற்று முயன்று புரளுவார். இங்கே மயக்கமருந்தில் கிடப்பவர் விரலையும் அசையார். சுவாசக் குழாய் விலகாதபடி ஒருத்தி தலையைப் பற்றி நிற்க, மற்றையோர் அவரைப் புரட்டுதல் வேண்டும். படுக்கைப் புண் வாராதிருக்க நாளிற் பலமுறை இது நிகழும். சளி உறிஞ்சுதற்குக் குனிதல், திரையை நோக்குதற்கு நிமிர்தல் வேறு. மனிதத் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோ. 60 பாகை குனியுங்கால் கழுத்தெலும்பின்மேல் 27 கிலோவுக்கு ஒப்பான பாரம் விழுமென 2014இல் வெளிவந்த கணிப்பொன்று கூறும்.

இப்பிரிவு தோன்றிய வரலாறே மனித உழைப்பின் வரலாறுதான். 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. சுவாச இயந்திரங்கள் போதாமையால், பியோன் இப்சன் என்னும் வைத்தியர் கூறிய வழியில் ஏறத்தாழ 1500 மாணவர் முறைவைத்து, இரவும் பகலும் பையைக் கையால் அமுக்கி நோயாளருக்குக் காற்றூட்டினர். அடுத்த ஆண்டில் அந்நகரிலே அவர் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றை நிறுவினார். பின்னர் இயந்திரங்கள் பெருகின. புரட்டும் வேலை மாத்திரம் கையோடே நின்றுவிட்டது.

கழுத்து நோவினால் விளையும் இயலாமையை அளத்தற்கு 1991இல் பத்துக் கூறுகள் கொண்ட வினாத்தாளொன்று வெளியாயிற்று. நோவின் கடுமை, பாரந்தூக்கல், தலையிடி என்பனவற்றோடு உறக்கமும் வாசிப்பும் அதில் உள. வாசிப்பு என்ற கூற்றிலே என் மனம் நின்றது. இவள் படிக்கும் காலத்தில் நூல்நிலையத்தை விட்டு எழாதவள். இப்போது புத்தகத்தை விரித்தால் கால்மணி நேரத்துள் பிடரி எரிகிறதாம். இரவுக் கடமை முடிந்து படுத்தால் எந்தத் தலையணையும் ஒத்துவருவதில்லையாம். குழந்தையைத் தூக்கவும் அஞ்சுகிறாள். உலக சுகாதார தாபனம் வாழ்க்கைத் தரத்தை உடல், உளம், உறவு, சூழல் என வகுத்து அளக்கும். ஒரு பிடரி நோ இந்நான்கினுள்ளும் புகுந்துவிட்டதன்றோ!

கழுத்துப் பயிற்சி செய்யென அவளுக்குச் சொல்வார் பலர். பயிற்சி நன்றே, ஆயினும் நால்வர் செய்யும் வேலையை இருவர் செய்யுமிடத்து அது எவ்வளவு உதவும்? கட்டிலை இடுப்பளவு உயர்த்தலும், ஆளை இழுக்காது நகர்த்தும் வழுக்கு விரிப்பும், போதிய கைகளுமே முதலில் வேண்டற்பாலன. அவள் பிரிவிலே அத்தகைய விரிப்பொன்று உண்டாம். தொலைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தால் அது அலுமாரியிற் பூட்டிக் கிடக்கிறது.

விடைபெறும்போது வாசிக்கப் புத்தகமொன்று கேட்டாள். "பாரமில்லாததாய்த் தாங்கோ, ஐயா" என்றாள். என் அலுமாரியில் நெடுநேரம் தேடவேண்டியிருந்தது.