கையடங்கும் கருவிகள் – 9: மூடிக்குள் ஒரு பேட்டரி

மெய்நிகர் விளையாட்டுக் கன்ட்ரோலர்களில் பேட்டரி அறை பெரும்பாலும் கைப்பிடிக்குள்தான் அமைகிறது. வேறு இடமும் இல்லை. மேலே பொத்தான்கள், முன்னால் ட்ரிகர், பல மாதிரிகளில் கை எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவுக்குக் காட்டும் அகச்சிவப்பு விளக்கு வளையம். எஞ்சுவது உள்ளங்கை பற்றும் பகுதி மட்டுமே. எடையுள்ள பேட்டரி அங்கே இருப்பது ஒருவகையில் நல்லது. கன்ட்ரோலரின் நுனியில் இருந்தால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும்.

சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ பேட்டரிதான் பலவற்றில் இருக்கிறது: விட்டம் 14.5 மி.மீ., நீளம் 50.5 மி.மீ., ஆல்கலைன் என்றால் எடை சுமார் 23 கிராம். 2016இல் வந்த ஆக்குலஸ் டச்சில் கைக்கு ஒன்று. 2020இல் வந்த ஹெச்பி ரிவெர்ப் ஜி2வில் கைக்கு இரண்டு. இரண்டு போட்டால் கைப்பிடி தடித்துவிடும்.

கடிகாரத்தில் பேட்டரி அசையாமல் கிடக்கும். இங்கே அப்படியல்ல. பீட் சேபர் போன்ற வாள்வீச்சு விளையாட்டில், தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளியுள்ள கை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு. 23 கிராம் பேட்டரி அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 400 கிராம் எடைபோல் அழுத்தும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் மறுமுனையில் தொடர்பு ஒரு நொடிக்கும் குறைவாக விட்டுப்போகும். கன்ட்ரோலர் அணைந்து மறுபடி உயிர்பெற அதுவே போதும். ஸ்பிரிங்கை இறுக்குவது ஒரு வழி. இறுக்கினால் பேட்டரியைக் கழற்ற நகம் தேய வேண்டும். சிறு இடைவெளியைத் தாங்கும் மின்தேக்கியைச் சுற்றில் சேர்ப்பது இன்னொரு வழி.

உண்மையான தலைவலி மூடிதான். முதல் டச்சின் மூடியைக் காந்தம் பிடித்திருந்தது. 2019இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட், ரிஃப்ட் எஸ் கன்ட்ரோலர்களில் அது சறுக்கித் திறக்கும் மூடியாயிற்று. மேசைமேல் வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் விளையாடுபவரின் உள்ளங்கை அழுந்துவது அந்த மூடியின்மேல். வியர்த்த கை இறுகப் பிடித்து இழுக்கும்போது மூடியும் கூடவே நகர்ந்தது. பலர் டேப் ஒட்டிச் சமாளித்தார்கள். கையின் விசை எந்தத் திசையில் பாய்கிறதோ அந்தத் திசையில் மூடி திறக்கக் கூடாது என்பது எளிய விதி. அதைத் தவறவிட்டது வியப்புதான். 2020இன் குவெஸ்ட் 2வில் மூடிக்குப் பூட்டு வந்தது. பொத்தானை அழுத்தினால்தான் அது நகரும்.

மின்னழுத்தமும் வடிவமைப்பில் சேரும். ஆல்கலைன் 1.5 வோல்ட், திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். ஆல்கலைனை மட்டும் மனத்தில் வைத்து, மின்னழுத்தத்தைக் கொண்டு மீதிச் சார்ஜைக் காட்டும் அளவுகோல் எழுதினால், நிறையச் சார்ஜுள்ள நிக்கல் பேட்டரியும் தீரப்போவதாகக் காட்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று பேட்டரியை உள்ளேயே வைத்து மூடியவர்களும் உண்டு. 2019இன் வால்வ் இண்டெக்ஸில் 1,100 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. யூஎஸ்பி-சி வழியே சார்ஜ். பிளேஸ்டேஷன் விஆர்2வும் இதே வழிதான். மூடி கழலாது, கைப்பிடி மெலியும். ஆனால் சார்ஜ் தீர்ந்தால் விளையாட்டை நிறுத்த வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்தால் திருகாணிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைப்படி, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்குரூ டிரைவரால் கழற்ற முடிந்தால் போதும். விரலால் திறக்கும் மூடி கட்டாயமில்லை.