‘ஊர்ல எந்தப் பக்கம்?’ - ஜப்பானுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு

கோவையில் படித்த மாணவர் ஒருவர் பள்ளிக்குச் சீக்கிரம் வந்தாலும் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் நெருங்குவதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பழகினால் தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமே என்ற பயம். சுமார் 400 பேர் படித்த அந்தப் பள்ளியில் பிராமணர் அல்லாதவர்கள் 10 பேர்தான். அந்த மாணவர்தான் பின்னாளில் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன். 1939-ல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சரிதத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். கூட விளையாட முடியாமல் போனது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது.

அவர் பயந்த கேள்வி இன்றும் கொங்கு மண்டலத்தில் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், “எந்த ஊருங்க தம்பி?” என்று அன்பாகத்தான் ஆரம்பிப்பார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், “ஊர்ல எந்தப் பக்கமுங்க?” என்பார். ஊருக்குள்ளா, காலனியா என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

இந்தக் கேள்வி இல்லாத ஊரில் ஓராண்டு இருந்தால் எப்படி இருக்கும்? கல்லூரிகளுக்கு இடையேயான ஒப்பந்தத்தின்படி ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஜப்பானில் படிக்கும் பரிமாற்ற மாணவர் வாய்ப்பு இப்போது நம் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி அமையும் என்று பார்ப்போம்.

விமான நிலையத்திலேயே ரெசிடென்ஸ் கார்டு கொடுத்துவிடுவார்கள். தங்குமிடம் அமைந்த 14 நாட்களுக்குள் அந்த நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். பிறகு ஆஸ்பத்திரிச் செலவில் 30 சதவீதம் மட்டும் நாம் கட்டினால் போதும். அனுமதி வாங்கிக்கொண்டால் படிப்புக் காலத்தில் வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். இந்தப் படிவங்கள் எதிலும் சாதிக்கு ஒரு கட்டம் கிடையாது.

ஜப்பானில் ஆசிரியரும் சக மாணவரும் பெரும்பாலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூடவே ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லும் சேரும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பலரும் அப்பா பெயரைத்தான் போடுகிறோம். அதனால் அங்கே நம் பிள்ளையை அப்பா பெயரால் அழைப்பார்கள். தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் சின்னப் பையன்கூட ‘டேய்’ என்று கூப்பிட்ட ஒரு மனிதரின் பெயர், டோக்கியோ வகுப்பறையில் மரியாதையோடு ஒலிக்கும்.

பல்கலைக்கழக உணவகத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு, ஒரே மாதிரித் தம்ளர். தண்ணீரை நாமே பிடித்துக்கொண்டு, சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதன் அருமை புரியும். சோற்றின் மேல் மாட்டுக்கறி போட்ட ‘க்யூடோன்’ அங்கே மாணவர்களின் மலிவான சாப்பாடு. யாரும் மறைத்துச் சாப்பிடுவதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். பல குழம்புகளில் மீன் சாறு இருக்கும்.

குப்பை ஒரு தனிப் பாடம். எரிப்பது, பிளாஸ்டிக், பாட்டில் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கான நாளில்தான் வெளியே வைக்க வேண்டும். பள்ளிகளில் வகுப்பறையைக் கூட்டித் துடைப்பது பிள்ளைகளின் வேலை. பல பள்ளிகளில் கழிப்பறையையும் எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். இங்கே 2022-ல் ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். துடைப்பம் இரண்டு நாட்டிலும் இருக்கிறது. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் ஜப்பான் சொர்க்கமா என்றால், இல்லை. முதலில் வீடு. ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாடகைக்கு வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டிருக்கிறார்கள். ‘உங்களுக்கு வீடு இல்லை’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் மனது வலிக்கும். முதல் ஆண்டில் பல்கலைக்கழக விடுதியிலேயே இடம் கேட்பது நல்லது.

இரண்டாவது, ஜப்பானிலும் ஒரு காலனி உண்டு. தோல் வேலை, மாடு அறுக்கும் வேலை செய்தவர்களைத் தீட்டு என்று ஒதுக்கி வைத்த வரலாறு அந்த நாட்டுக்கும் இருக்கிறது. அவர்களைப் ‘புராக்கு’ மக்கள் என்பார்கள். தோல் வேலைக்காக அருந்ததியரைத் தள்ளி வைத்த மண்ணிலிருந்து போகும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1871-லேயே அரசாணை அவர்களைச் சமம் என்று அறிவித்தது. இழிவு போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி ‘சூய்ஹேய்ஷா’ என்ற சங்கத்தை அவர்களே அமைத்துப் போராடினார்கள். 1975-ல் ஒரு மோசடி அம்பலமானது. புராக்கு குடியிருப்புகளின் பெயர்களையும் இடங்களையும் தொகுத்த புத்தகங்களை நிறுவனங்கள் ரகசியமாக வாங்கி, அந்த மக்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கப் பயன்படுத்தியிருந்தன. ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பதன் ஜப்பான் பதிப்பு அது. புராக்கு பாகுபாட்டை ஒழிப்பதற்கென்றே 2016-ல் தனிச் சட்டம் வந்தது.

மூன்றாவது, நம்மவர்கள். சாதி விமானம் ஏறிப் போகும். இல்லாவிட்டால் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருக்க வேண்டிய தேவை என்ன? அங்கே கூடும் இந்தியர்களில் ஒருவர் ஊரையும் தெருவையும் விசாரித்தால், அதற்காக ஒளியாதீர்கள்.

அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். முதலில் தங்கிய விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் இடம் மாறினார். பிறகு நாவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்தார். அந்த நட்பு நீண்ட காலம் நிலைத்தது. வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே போய்விட்டதாகப் பின்னாளில் எழுதினார். ஆனால் திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து 11-ம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அந்த மனிதருக்கு 2015-ல் ஜப்பானின் கோயாசான் பல்கலைக்கழகத்தில் சிலை திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் விடுமுறையில் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

வழி என்ன? பரிமாற்றத் திட்டத்தில் போனால் பெரும்பாலும் அங்கே கல்விக் கட்டணம் இருக்காது. முழுப் படிப்புக்கு ஜப்பான் அரசின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகை இருக்கிறது. முதுகலை, முனைவர் படிப்புக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. மொழியைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஜப்பானிய மொழியின் அமைப்பு ஆங்கிலத்தைவிட எளிதில் பிடிபடும். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதை ‘வதாஷி வா கக்கோ நி இகிமாசு’ என்பார்கள். ‘கக்கோ நி’ என்றால் ‘பள்ளிக்கு’. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வரும்.

பிளஸ் 2 முடித்த பிள்ளைக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க அலையும் பெற்றோர், அப்போதே பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை, இனிஷியலாகச் சுருக்காமல், முழுதாக எழுதுங்கள்.