டிக்கெட் கேட்காத படகு

முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக ஓடியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் டிக்கெட்டைக் கண் தேடும். இப்படிப்பட்டவனை மகள் ஒசாகாவுக்கு வரவழைத்துவிட்டாள்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். டிக்கெட் இயந்திரத்துக்கு மேலிருந்த படத்தில் எழுத்தெல்லாம் கோலம் போலத் தெரிய, இருப்பதிலேயே மலிவான சீட்டை வாங்கி ஏறிவிட்டேன். இறங்கிய இடத்தில் இடுப்பளவுக் கதவு சட்டென்று மூடிக்கொண்டது. எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன், இன்று என் முறை! மகள் பதறவில்லை. சுவரோரம் இருந்த இன்னொரு இயந்திரத்தில் சீட்டைப் போடச் சொன்னாள். குறைகிற தொகையைக் காட்டியது. சில்லறையைப் போட்டதும் புதுச் சீட்டு வந்தது.

"அபராதம்?"

"பாக்கியைத்தானே கட்டணும், அபராதம் எதுக்குப்பா?"

எனக்கு அன்று இரவு தூக்கம் சரியில்லை.

அடுத்த நாள் 'இகோகா' அட்டை வாங்கிக் கொடுத்தாள். ஒசாகா வட்டாரப் பேச்சில் 'போகலாமா?' என்று கேட்பது போன்ற பெயர். 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணம், மீதி 1,500 பயணத்துக்கு. ரயில், மெட்ரோ, பஸ், மூலைக்கடை எல்லாவற்றிலும் தட்டினால் போதும். டோக்கியோ போனாலும் செல்லும். நாடு முழுக்கச் சுற்றும் விலை உயர்ந்த ரயில் பாஸ் ஒசாகாவை மட்டும் பார்க்கிறவர்களுக்கு வீண். அது மெட்ரோவில் செல்லாது.

ஊரின் பெரிய புதிர் உமேதா என்ற ரயில் சந்திப்பு. ஒரே இடத்துக்கு ஒரு ரயில் கம்பெனி 'ஒசாகா' என்று பெயர் வைத்திருக்கிறது, மற்ற இரண்டு 'ஒசாகா-உமேதா' என்கின்றன. மெட்ரோவிலோ உமேதா, கிழக்கு உமேதா, மேற்கு உமேதா என்று மூன்று நிலையங்கள். எல்லாவற்றையும் சுரங்கக் கடைத்தெரு ஒன்றோடொன்று கோத்துவைத்திருக்கிறது. ஜங்ஷனிலேயே வளர்ந்த நான் இரண்டு முறை ஒரே ரொட்டிக் கடைக்குத் திரும்பி வந்தேன். வழி கேட்பதைவிட, வெளியேறும் வாசலின் எண்ணை முதலிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரில் இங்கே வலப்பக்கம் நிற்பார்கள், டோக்கியோவில் இடப்பக்கம்.

வண்டியின் வகையும் முக்கியம். 'ஷின்கைசோகு' என்ற விரைவு வண்டி கூடுதல் காசில்லாமல் அரை மணியில் கியோட்டோவில் இறக்கிவிடும். அதே தடத்தில் ஓடும் எக்ஸ்பிரஸுக்குத் தனிச்சீட்டு வேண்டும். அப்புறம், ஹினேனோ. கன்சாய் விமான நிலையம் போகும் ரயில்களில் சில அந்த நிலையத்தில் இரண்டாகப் பிரியும்: முன்பாதி விமான நிலையத்துக்கு, பின்பாதி வகாயாமா என்ற ஊருக்கு. ஊருக்குத் திரும்பும் நாளில் நான் பின்பாதியில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். ஹினேனோ வந்ததும் சூட்கேஸ் வைத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து முன்னால் ஓடினார்கள். என் மனைவிதான் சுதாரித்தாள். "என்னங்க, நீங்கதானே ரயில்வே?" என்று அவள் கேட்டது இன்றுவரை வீட்டில் ஒலிக்கிறது.

பார்க்க வேண்டியவை என்று எல்லோரும் முதலில் சொல்வது ஒசாகா கோட்டை. டொயொடோமி ஹிதெயோஷி என்ற போர்த்தலைவர் 1583-ல் கட்டத் தொடங்கியது. இப்போது நிற்கும் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட் இருக்கிறது, மூட்டுவலிக்காரர்களுக்கு நிம்மதி. எனக்குக் கோபுரத்தைவிடச் சுவரே பெரிதாகத் தெரிந்தது. சகுரா வாசலுக்கு உள்ளே 'ஆக்டோபஸ் கல்' என்ற ஒரே கல், 108 டன் இருக்கும் என்று கணக்கு. கிரேன் இல்லாத காலத்தில் எப்படி இழுத்தார்களோ! மார்ச் கடைசியில், ஏப்ரல் முதலில் போனால் அகழியோரம் செர்ரி பூத்திருக்கும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, அப்போது போகாதீர்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் கற்க வேண்டிய ஒரே சொல் 'தாஷி'. காய்கறிக் குழம்பென்று நம்பிக் குடிப்பதிலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த அந்தச் சாறு இருக்கலாம். தெருவுக்குத் தெரு மணக்கும் தகோயாகி பார்க்கக் குழிப்பணியாரம்தான், உள்ளே ஆக்டோபஸ். மனைவிக்குக் கைகொடுத்தது உப்பில் ஊறிய 'உமே' காய். மாவடு நினைவு வந்ததாம், வெறும் சோற்றோடு ஒரு வாரம் ஓட்டினாள்.

கடைசியாக ஒன்று. திமிங்கலச் சுறா நீந்தும் கைய்யூகான் மீன்காட்சியகத்துக்குப் பக்கத்தில் தெம்போசான் இருக்கிறது. 'சான்' என்றால் மலை, உயரம் 4.53 மீட்டர். எங்கள் மொட்டை மாடி இதைவிட உயரம். அந்த மலையை வென்று இறங்கினால் ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறை. ஒசாகா மாநகராட்சி எட்டு இடங்களில் இப்படிப் படகு விடுகிறது, காசே கிடையாது. சைக்கிளோடு ஒரு பாட்டியும் சீருடையில் நாலு பிள்ளைகளும் ஏறினார்கள். பழக்க தோஷத்தில் நான் படகுக்காரரிடம் டிக்கெட்டுக்காக அட்டையை நீட்டினேன். அவர் கையை ஆட்டி மறுத்து, கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

"இந்த ஊர்ல உங்களுக்கு வேலை கிடைக்காது" என்றாள் மனைவி. அக்கரை சேரும்வரை அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்.