உங்களுக்குத் தெரியுமா? கடை பில் போட்டவரும் டேட்டா படிக்கலாம்!

சென்னை ஐ.ஐ.டி.யில் ஜே.இ.இ. எழுதாமலே பட்டம் வாங்கலாம்! டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு, ஆன்லைனில். 2020-ல் தொடங்கினார்கள். பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். வயது வரம்பே கிடையாது!

இதைக் கேளுங்கள், இன்னும் அருமை. முதலில் 4 வாரம் பாடம் நடத்துவார்கள். அந்தப் பாடத்திலிருந்துதான் தகுதித் தேர்வு! சொல்லிக் கொடுத்துவிட்டு ஆள் எடுக்கிறார்கள்!

வேலை, குடும்பம், குழந்தை என்று பாதியில் நின்றுபோனால்? கவலையே வேண்டாம். அடிப்படைக் கட்டத்தின் 8 பாடங்களை முடித்தாலே சான்றிதழ். அடுத்த கட்டத்தில் டிப்ளமோ. அப்புறம் பி.எஸ்சி. கடைசிவரை நின்றால் 142 கிரெடிட், பி.எஸ். பட்டம்! எந்தப் படியில் இறங்கினாலும் வெறுங்கையோடு இறங்க மாட்டீர்கள்.

ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறீர்களா? ஒரே சமயத்தில் 2 பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-லேயே பச்சைக்கொடி காட்டிவிட்டது!

ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-ல் பாடம் கேட்கக் கட்டணம் எவ்வளவு? பூஜ்யம்! தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம். லட்சங்களைக் கட்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு பாடத்தை முழுசாக முடித்துப் பாருங்கள். இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்!

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், அனலிட்டிக்ஸ் முதுகலைப் பட்டத்தை 2017-ல் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தது. அப்போது மொத்தக் கட்டணமே 10,000 டாலருக்கும் கீழே!

பாதை மாறிப் புள்ளியியலுக்கு வந்தவர்களில் ராஜா யார் தெரியுமா? சி.ஆர்.ராவ்! கணக்கில் எம்.ஏ. முடித்துவிட்டு ராணுவ வேலை தேடிக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. அங்கே ஒருவர், தான் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சி பெறுவதாகச் சொன்னார். இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். 2023-ல் புள்ளியியலின் சர்வதேசப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது வயது 102! அந்தக் கழகத்தை 1931-ல் தொடங்கிய மகலனோபிஸ் படித்ததோ இயற்பியல்!

டேட்டா வேலைக்கான நிரல்மொழிகள் ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். 'ஆர்' என்ற பெயர் வந்தது எப்படி? உருவாக்கிய ராஸ், ராபர்ட் இருவரின் முதல் எழுத்து!

வேலைக்கு எடுப்பவர்கள் விடாமல் கேட்கும் டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல். பிறந்த ஆண்டு 1974. அரை நூற்றாண்டு தாண்டியும் அசையவில்லை! கோர்ஸில் சேருமுன் கேளுங்கள்: "எஸ்.க்யூ.எல். எத்தனை மணி நேரம்?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

ஒரு ஜவுளிக் கடையின் விற்பனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஊர்ப் பட்டியலில் 'திருச்சி'. கீழே 'ட்ரிச்சி'. இன்னும் கீழே 'திருச்சிராப்பள்ளி'. நாலாவதாக மறுபடியும் 'திருச்சி', ஆனால் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி! ஊர்வாரியாகக் கூட்டிக் காட்டும் எக்ஸெல் பிவட் டேபிள் போட்டதும் ஓர் ஊர் 4 ஊராகிவிட்டது! கவுன்ட்டரில் பில் போட்டுப் பழகியவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். உங்கள் பழைய வேலை இங்கே அப்படியே கைகொடுக்கும்! ஆகவே இப்படிப்பட்ட அழுக்கு டேட்டாவைக் கையில் கொடுத்துச் சுத்தம் செய்யவைக்கும் படிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

எக்ஸெல்தானே, அதைப் போய்ப் படிக்க வேண்டுமா என்கிறீர்களா? இன்றைய எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு. பழைய வகைக் கோப்பில் 65,536 வரிதான். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அந்தப் பழைய வகையில் கொரோனா முடிவுகளை ஏற்றியது. கோப்பு நிரம்பியது. மிச்சம் ஏறவே இல்லை. தினசரிக் கணக்கில் விடுபட்டுப்போன நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா? 15,841!